முதல்ல நிக்கட்டும், அப்புறம் பறக்கட்டும்

ஒரு பழைய கார் கையில கிடைச்சா நம்ம பசங்க பேசுறது மூணே விஷயம்தான். இன்ஜினை மாத்தணும், சைலன்சரை மாத்தணும், பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தணும். பிரேக் பத்தி யாரும் வாயே திறக்கிறதில்லை. ரீல்ஸ்ல பிரேக் தெரியாது, அதான் காரணம்னு நினைக்கிறேன். இந்த வரிசை தலைகீழ்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரை. அதுவும் ஒரு குறிப்பிட்ட காரை வச்சுச் சொல்றேன். ஏன்னா அந்தக் கார்ல இந்த வரிசையை மாத்திப் போட்டா உயிருக்கே ஆபத்து.

"திருச்சியில ஏதுடா ஸ்போர்ட்ஸ் கார்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா ஸ்போர்ட்ஸ் கார் ரத்தம் ஓடுற ஒரு கார் நம்ம மாநிலத்துலயே தயாராச்சு. சென்னையில ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1960-களில் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. டாக்டர், வக்கீல், வாத்தியார் குடும்பங்கள் வாங்கின கார். ஸ்ரீரங்கத்துல என் கிளாஸ்மேட் ஒருத்தனோட தாத்தா வீட்டுக் கொட்டகையில தார்ப்பாய்க்குக் கீழே ஒண்ணு நிக்குது. அதுக்கு மாருதி இன்ஜின் போடலாமா வேண்டாமான்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல நடந்த சண்டைதான் என்னை இதை எழுத வச்சது.

ஹெரால்டு பிறந்தது 1959-இல், இங்கிலாந்துல. ட்ரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைச்சது இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. அப்போ மத்த கார் கம்பெனிகள் எல்லாம் பாடியையும் சேஸிஸையும் ஒண்ணா சேர்த்து ஒரே கூடா பண்ற முறைக்கு மாறிட்டிருந்தாங்க. ட்ரையம்ஃப் மட்டும் பின்னோக்கிப் போய்த் தனி சேஸிஸ் போட்டாங்க. காரணம் ரொம்ப சாதாரணம். அவங்களுக்கு பாடி அடிச்சுக் கொடுத்துட்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிடுச்சு. வேற வழியில்லாம பாடியைத் துண்டு துண்டா வெவ்வேற இடத்துல அடிச்சு, போல்ட் போட்டுச் சேர்த்தாங்க. அந்த நெருக்கடிதான் நமக்கு லாபமா முடிஞ்சது. துண்டு துண்டா கழட்டுற காரை எந்த நாட்டுலயும் கொண்டு போய்ச் சேர்க்கலாம், எந்தப் பட்டறையிலயும் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்ணலாம். பானெட் மட்டும் இல்லை, ஃபெண்டரோட சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னாடி சாயும். டயர் மேல உக்காந்துட்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி விட்டத்துக்குள்ள முழுசா திரும்பிடும். சித்திரை வீதியில மாடு, ஆட்டோ, பூக்கடைக்கு நடுவுல இதைவிட நல்லா திரும்புற கார் இன்னைக்குக் கூட அபூர்வம்.

இதே சேஸிஸை நீளம் குறைச்சு 1962-இல் ட்ரையம்ஃப் இறக்கினதுதான் ஸ்பிட்ஃபயர். ரெண்டு சீட்டு, திறந்த கூரை, அசல் ஸ்போர்ட்ஸ் கார். ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் அண்ணன் தம்பி. அந்தக் குடும்பத்துக்கு ஒரு பரம்பரை வியாதியும் உண்டு.

பின்பக்க சஸ்பென்ஷன் ஸ்விங் ஆக்சில். டிஃபரன்ஷியல் சேஸிஸோட நிலையா நிக்கும். அதுல இருந்து ரெண்டு பக்கமும் அரை அச்சு நீளும். அச்சுல மூட்டு ஒண்ணே ஒண்ணு, டிஃபரன்ஷியல் ஓரத்துல. அதனால அச்சு மேல கீழ ஆடும்போது, கதவு கீல்ல ஆடுற மாதிரி, சக்கரமும் கூடவே சாயும். நேர் ரோட்டுல பிரச்சினை இல்லை. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்குன்னு உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் பைக்ல போயிருப்பீங்க. அப்படி ஒரு வளைவுல கொஞ்சம் வேகமா நுழைஞ்சு, பயந்துபோய் சட்டுனு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுக்குறீங்கன்னு வைங்க. எடை முன்பக்கம் போகும், பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கமா மடங்கி டயரோட விளிம்புல நிக்கும். பிடிமானம் ஒரே நொடியில போயிடும். வால் முன்னாடி வந்துடும்.

இப்போ பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துற ஸ்டைலை யோசிச்சுப் பாருங்க. தூக்கத் தூக்க அந்தச் சக்கரம் மடங்குறதுக்கு நீங்களே பாதி வேலையைச் செஞ்சு கொடுக்குறீங்க. ஸ்டைலுக்காகக் கூட வேண்டாம், நல்லெண்ணத்துலயே இது நடக்கும். பின்பக்கம் குறுக்கா போற லீஃப் ஸ்பிரிங் தொங்கிப் போச்சுன்னு பட்டறைக்குக் கொண்டு போனா, லாரிப் பட்டைக்குப் பழகின கை, இதுக்கும் நல்லா வளைவு ஏத்திக் கொடுக்கும். லாரிக்கு அது சரி. இந்தக் காருக்கு அது விஷம். எவ்வளவு உயரம் இருக்கணும்னு வேலை கொடுக்குற நாம அளவு எடுத்துட்டுப் போகணும். அந்த அளவு தெரியாம போறது பட்டறைக்காரர் தப்பு இல்லை.

இந்த வியாதிக்குக் கம்பெனிக்காரங்களே மூணு விதமா வைத்தியம் பார்த்திருக்காங்க. ஸ்பிட்ஃபயரோட கூரை போட்ட வடிவமான ஜிடி6-க்கு 1968-இல் கீழே விஷ்போன் சேர்த்து, அச்சுல ரப்பர் கப்ளிங் போட்டு, சக்கரம் மடங்குறதையே தடுத்தாங்க. நல்ல தீர்வு, செலவு ஜாஸ்தி. 1970-இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-க்கு மலிவான வழி கண்டுபிடிச்சாங்க. ஸ்பிரிங்ல ஒரே ஒரு பட்டையை மட்டும் இறுக்கிட்டு, மத்ததை எல்லாம் நடுவுல ஊசலாட விட்டாங்க. முன்பக்க ஆன்ட்டி-ரோல் பாரைத் தடிமனாக்கினாங்க. புது பாகம் கிட்டத்தட்ட இல்லை, ஆனா வால் சுத்துறது ரொம்பவே குறைஞ்சது. எனக்குப் பார்த்ததிலேயே பிடிச்ச இன்ஜினியரிங் இதுதான். மூணாவது வைத்தியம் நம்ம சென்னையில நடந்தது. ஸ்விங் ஆக்சில் நம்ம ஊர் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒத்து வரலை. அதனால 1972-இல் ஹெரால்டுக்கு அடுத்து வந்த ஸ்டாண்டர்டு கேசல்ல அதைத் தூக்கிப் போட்டுட்டு, ஒரே தண்டா இருக்குற சாதாரண லைவ் ஆக்சில் வச்சாங்க. ஃபேஷனுக்கு அது பின்னேற்றம். நம்ம ரோட்டுக்கு அது முன்னேற்றம்.

ஒரே குறைக்கு மூணு விடை, மூணு பட்ஜெட். மாடிஃபிகேஷன்னா இதுதான். பழைய காரை மாத்த நினைக்கிறவங்க யூடியூபுக்குப் போறதுக்கு முன்னாடி, அந்தக் காரோட அடுத்தடுத்த மாடல்கள்ல கம்பெனி எதை எல்லாம் திருத்துச்சுன்னு ஒரு பட்டியல் போடுங்க. கம்பெனிக்கு வலிச்ச இடம் அங்கே தெரிஞ்சிடும்.

இன்னொரு இடம் இருக்கு, அது இதைவிட மோசம். முன்பக்கச் சக்கரத்தைத் தாங்குற வெர்ட்டிகல் லிங்க்கோட அடிப்பகுதி ஒரு மரை. அந்த மரை ட்ரன்னியன்ங்கிற வெண்கலத் துண்டுக்குள்ள திருகி உக்காந்திருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலதான் சக்கரம் சுழலுது. அதுக்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் இல்லை. ஆனா பார்க்க அது கிரீஸ் போடுற இடம் மாதிரியே இருக்கும். நிப்பிளைப் பார்த்தா கிரீஸ் கன்னை வச்சு அடிக்கிறதுதானே வழக்கம். கிரீஸ் அந்த மரைக்குள்ள சரியா இறங்காது, நாளாக நாளாகக் கட்டியாகும், உள்ளே தண்ணி தங்கும், துரு பிடிக்கும், இரும்பு மெலியும். ஒருநாள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது லிங்க் உடைஞ்சு சக்கரம் மடங்கி உள்ளே போயிடும். அம்பது அறுபது வருஷக் கார்ல இதைப் பிரிச்சுப் பார்க்காம நூறு குதிரை சக்தி இன்ஜின் போடுறவனை என்னன்னு சொல்றது?

பிரேக்குக்கு வருவோம். அந்தக் கால முறைப்படி நாலு சக்கரத்துக்கும் ஒரே ஹைட்ராலிக் சுற்று. ஒரு ரப்பர் ஹோஸ் வெடிச்சா நாலும் போச்சு. இதை ரெட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரா மாத்துறதும், முன்பக்கம் டிரம்முக்குப் பதில் டிஸ்க் போடுறதும் நான் கையெழுத்துப் போட்டு ஆதரிக்கிற மாற்றங்கள். ஸ்பிட்ஃபயருக்கு இதே முன் சஸ்பென்ஷன்லதான் முதல் நாள்ல இருந்தே டிஸ்க் வந்தது. ஆனா பெடல் விகிதம், சிலிண்டர் விட்டம், பின் டிரம்முக்குப் போற அழுத்தம் இதெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்யணும். டிஸ்க் மாட்டினதும் பின் சக்கரம் முதல்ல லாக் ஆச்சுன்னா, ஸ்விங் ஆக்சில் கதை மறுபடி ஆரம்பிக்கும்.

"அப்படி மாத்தினா அது ஒரிஜினலே இல்லையே"ன்னு சொல்ற ஆளுங்க உண்டு. அவங்களைத் திருவாரூர் ஆழித்தேரைப் போய்ப் பார்க்கச் சொல்லுவேன். அதுக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக் கொடுத்தது நம்ம திருச்சி பெல். அதுக்கு அப்புறம் அது ஆழித்தேர் இல்லைன்னு எந்த பக்தரும் சொன்னதா தெரியலை. முதல்ல நிக்கணும். ஓடுறதைப் பத்தி அப்புறம் பேசலாம். இங்கிலீஷ்ல தேரும் கார்தானே!

சரி, இன்ஜின் மாத்துறது. நான் எதிர்க்கிறேன். உணர்ச்சிவசப்பட்டு இல்லை. ஹெரால்டோட 948 சிசி இன்ஜின் எளிமையானது. சிலிண்டர் போர் பண்றது, கிராங்க் கிரைண்டிங், வால்வு சீட் வெட்டுறது எல்லாம் லேத்தும் கைப்பழக்கமும் இருக்குற எந்த ஊர்லயும் நடக்கும். அதைப் பிடுங்கிட்டு வேற இன்ஜினை வச்சா மவுண்ட், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், கூலிங்னு சங்கிலி மாதிரி ஒவ்வொண்ணா மாறும். சட்டமும் குறுக்க நிக்குது. தயாரிப்பாளரோட ஒரிஜினல் விவரக்குறிப்பில இருந்து வண்டியை மாத்த முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிடுச்சு. அதே வருஷம் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, இல்லை ரெண்டும். பிரேக் உட்பட எதை மாத்துறதா இருந்தாலும் முதல்ல ஆர்.டி.ஓ.-கிட்ட எழுதிக் கேளுங்க.

இதுல இன்னொரு கணக்கு பலருக்குத் தெரியாது. 2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதி கொண்டு வந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின வண்டிக்குத் தனிப் பதிவு, பத்து வருஷம் செல்லும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. நிபந்தனை என்னன்னா, சேஸிஸ், பாடி, இன்ஜின் மூணுலயும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு அவ்வளவுதான். நம்ம ஊர் ஹெரால்டுகள் எல்லாமே இப்போ அம்பதைத் தாண்டியாச்சு. தாத்தா அறுபது வருஷம் மாத்தாம வச்சிருந்த தகுதியைப் பேரன் ஒரே வாரத்துல வெல்டிங் அடிச்சுத் தொலைக்கிறது எந்த ஊர் கெத்து?

சைலன்சர் பத்தி ரெண்டே வரி. ஆர்.எக்ஸ்.100 வச்சிருக்குற நண்பர்களுக்கும் சேர்த்துத்தான். டூ-ஸ்ட்ரோக்ல சைலன்சரோட வடிவம்தான் திரும்பி வர்ற அழுத்த அலையை வச்சு, தப்பிச்சுப் போற புது பெட்ரோல் கலவையை உள்ளே தள்ளுது. அதை வெட்டினா சத்தம் கூடும், சக்தி குறையும். தில்லைநகர் முழுக்க எழுப்பிட்டு மெதுவா போறீங்க.

மாத்தியே ஆக வேண்டியதும் சிலது உண்டு. இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் இதெல்லாம் அதுக்காகச் செஞ்சதே இல்லை. ஊறும், விரியும், கசியும். சூடான இன்ஜின் மேல பெட்ரோல் கசிஞ்சா என்ன ஆகும்னு விளக்க வேண்டாம். எத்தனால் தாங்குற ரகத்துல மாத்துங்க. கலவை லீன் ஆகும், ஜெட்டைக் கொஞ்சம் பெரிசாக்கணும். எதைக் கழட்டினாலும் பேர் எழுதி ஒரு டப்பாவுல போட்டு வைங்க. பின்னாடி வர்றவனுக்குத் திரும்ப மாட்டத் தோணலாம்.

இந்த மாதிரி வேலைக்கு நம்ம ஊரைவிட நல்ல இடம் கிடையாது. பொன்மலை ரயில்வே பணிமனையில நீலகிரி மலை ரயிலோட பல்சக்கர நீராவி இன்ஜின்களைப் பிரிச்சுச் சேர்க்குறாங்க. முதல்ல சுவிட்சர்லாந்துல செஞ்ச டிசைன் அது. 2011-இல் அதே டிசைன்ல எண்ணெயில ஓடுற புது இன்ஜினைப் பொன்மலையிலேயே செஞ்சாங்க. பத்து வருஷம் கழிச்சு நிலக்கரியில ஓடுற ஒண்ணையும் செஞ்சாங்க. எரிபொருளை மாத்தினாங்க, பல்சக்கரத்துல கை வைக்கலை. துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பெல்லை ஒட்டி வளர்ந்த பட்டறைகள்ல வெல்டிங்கும் மெஷினிங்கும் தெரிஞ்ச கைகள் எத்தனை!

ஆனா நாம இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு என்ன செய்றோம்? ப்ராஜெக்ட் சென்டர்ல ரெடிமேடா வாங்கி, மோட்டார் சுத்துதான்னு ஒருதடவை பார்த்துட்டு ரிவ்யூவுக்குத் தூக்கிட்டுப் போறோம். அதுக்குப் பதிலா நாலு பேர் சேர்ந்து ஒரு ஹெரால்டோட பிரேக்கை எடுத்துக்கங்க. பெடல் விகிதம் அளங்க, அழுத்தம் கணக்குப் போடுங்க, வெர்ட்டிகல் லிங்க்கைப் பிரிச்சு டை பெனிட்ரன்ட் அடிச்சு விரிசல் இருக்கான்னு பாருங்க, ஸ்பிரிங் உயரத்துக்கும் கேம்பருக்கும் ஒரு வரைபடம் போடுங்க. ரிவ்யூ போர்டுல வழக்கமா கேக்குற "இதுல நாவல்ட்டி என்ன?" கேள்வி கண்டிப்பா வரும். அறுபது வயசுக் கார் 60 கிலோமீட்டர் வேகத்துல இருந்து எத்தனை மீட்டர்ல, நேர்கோட்டுல நிக்குதுங்கிற அளவை, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு எடுத்து மேஜை மேல வைங்க.