எந்திரம் எழுப்பும் மறுமை

மனிதனை மிஞ்சும் அறிவுடைய எந்திரங்கள் வரப்போகின்றன என்ற பேச்சு இன்று நம் இல்லங்களிலும் ஒலிக்கிறது. அவை மாண்டவர்களையே எழுப்பிவிடும் என்றும் ஒருவர் எழுதியிருப்பதைச் சிலரே அறிவர். அவர் அமெரிக்காவின் துலேன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் டிப்ளர், இயற்பியல் அறிஞர். 1994-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் கூறியது இது: தம்மைப் போன்றவற்றைத் தாமே செய்து பெருகும் எந்திரங்கள் பிரபஞ்சமெங்கும் பரவும். விரிந்துவரும் பிரபஞ்சம் ஒருநாள் சுருங்கத் தொடங்கும். அது ஒடுங்கும் கடைசி வேளையில் அளவிறந்த ஆற்றல் பிறக்கும். அதைக்கொண்டு அவ்வெந்திரங்கள் முடிவிலாக் கணக்குகளைப் போட்டு, மறைந்த மனிதர் அனைவரையும் அக்கணக்கினுள் மீண்டும் வாழவைக்கும். அந்த இறுதி எல்லைக்கு 'ஒமேகாப் புள்ளி' என்று பெயர், அதுவே இறைவனாம்!

'கியாமத்தை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது' என்று மகிழத் தோன்றும். சற்றே பொறுங்கள். தொலைவில் வெடித்துச் சிதறிய விண்மீன்களை ஆராய்ந்த இரு குழுவினர், பிரபஞ்சத்தின் விரிவு தளரவில்லை, மேன்மேலும் விரைவு பெறுகிறது என்று 1998-இல் அறிவித்தனர். 2011-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. டிப்ளர் விடவில்லை; 2007-இல் இன்னொரு நூலெழுதி வேறு வழி தேடினார். அது அவர் பாடு. ஆனால் 1994-இல் அந்தச் சுவரில் தன் ஈமானைச் சாய்த்து வைத்தவன் கதி என்ன?

பிரபஞ்சம் சுருங்கட்டும், விரியட்டும்; எந்திரம் எழுப்புவது யாரை என்பதே என் கேள்வி. டிப்ளருக்கு மனிதன் மூளையில் ஓடும் ஒரு கணக்கு. பிசகாமல் பிரதி எடுத்தால் அதுவே அவன். புதிதாய் உண்டாக்கப்படுவது அம்மனிதனைப் போன்றதே அன்றி அவனல்லன் என்று அக்காலத் தத்துவவாதிகள் மறுமையை எதிர்த்து வாதிட்டனர். 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'தஹாஃபுதுல் பலாஸிஃபா'வின் இருபதாவது, இறுதிப் பகுதியில் இதனை ஆராய்கிறார்கள். உடல் மாறினும் ரூஹு அதுவே. ஆகவே ஆளும் அவனே என்பது அவர்கள் விடை. குழந்தையின் உடல் முதுமைக்குள் முற்றிலும் மாறியும் ஆள் மாறுவதில்லையே!

ரூஹை விலக்கிவிட்டுக் கணக்கை மட்டும் வைத்துப் பாருங்கள். ஒரு பிரதி எடுக்க முடிந்தால் பத்தும் எடுக்கலாம். உங்களிடம் 5,000 ரூபாய் கடன்பட்டு மௌத்தானவன் பத்துப் பேராய் எழுந்து நின்றால் எவனைப் பிடித்துக் கேட்பீர்கள்? ஒவ்வொருவனும் மற்ற ஒன்பது பேரைக் காட்டுவான்!

இது ஏதோ யுகமுடிவின் விவகாரமும் அன்று. மறைந்தவரின் கடிதங்களையும் குரற்பதிவுகளையும் ஊட்டினால் அவரைப் போலவே பேசும் எந்திரம் இன்றே விலைக்குக் கிடைக்கிறது. ஓர் அடியானுக்கு இழைத்த தீங்கை அந்த அடியானே மன்னிக்க வேண்டும் என்பது மார்க்கம். தாயை நோகடித்து, அவர் மறைந்தபின் வருந்தும் மகன் ஒருவன் அவ்வெந்திரத்தின் முன்னமர்ந்து, 'உம்மா, என்னை மன்னித்துவிட்டீர்களா?' என்று கேட்கிறான். 'மன்னித்துவிட்டேன், மகனே' என்கிறது தாயின் குரல். மன்னித்தவர் யார்?