"டெஸ்டிங் மட்டும்தானா?"

கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, "சாஃப்ட்வேர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்பவர்களிடம் "டெஸ்டிங்" என்று சொன்னால் முகம் லேசாக வாடும். "ஓ, கோடிங் இல்லையா?" ஸ்ட்ரெதமில் இந்தக் கேள்வியை நான் கேட்காத மாதம் கிடையாது. அப்படிக் கேட்கிறவர்களுக்கென்றே ஒரு கதை வைத்திருக்கிறேன். நம்ம லண்டனில் நடந்தது.

1992 அக்டோபர் 26. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை அன்றைக்குத்தான் காகிதச் சீட்டை ஓரங்கட்டிவிட்டு முழுக்கக் கணினியை நம்பி இறங்கியது. சின்ன ஊரா இது? 600 சதுர மைல், அப்போதே ஏறக்குறைய 68 லட்சம் ஜனங்கள். ஸ்ட்ரெதமில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றாலும் அப்போது வண்டி அனுப்பியது வாட்டர்லூ கட்டுப்பாட்டு அறைதான்.

எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் கணினி பக்கத்து வண்டியை அனுப்பும். அந்தத் தகவல் ஒழுங்காக வந்து சேரவில்லை. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி போனது. ஊழியர்கள் கவனிக்க வேண்டிய எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து, திரையில் மேலே நகர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போயின. வண்டியைக் காணோமே என்று ஜனங்கள் மறுபடி மறுபடி கூப்பிட, சுமை இன்னும் ஏறியது. இதில் வேடிக்கை, விசாரணை அறிக்கை சொன்னது: அந்த இரண்டு நாளும் கணினி தொழில்நுட்ப ரீதியாகப் பழுதாகவே இல்லையாம்! வடிவமைத்தபடிதான் வேலை செய்தது, வடிவமைப்பே கோளாறு. முழுச் சுமை ஏற்றி ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

27ஆம் தேதி பாதிக் காகிதம், பாதிக் கணினி என்று பின்வாங்கினார்கள். மறுநாள் தலைமை அதிகாரி பதவி விலகினார்.

நிஜமான பழுது வந்தது நவம்பர் 4, விடியற்காலை இரண்டு மணிக்குப் பிறகு. கணினி மெதுவாகி, அப்படியே நின்றுவிட்டது. சுமார் மூன்று வாரம் முன்பு ஒரு புரோகிராமர் வேறு வேலைக்காக எழுதிய சின்னத் துண்டு நிரல் நீக்கப்படாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது. ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் சர்வரின் நினைவகத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், திருப்பித் தராது. பந்தியில் ஆளுக்கொரு டம்ளர் எடுத்துப் போய்த் திருப்பி வைக்காவிட்டால் என்ன ஆகும்? முதல் பந்தியில் யாருக்கும் தெரியாது. கடைசிப் பந்திக்குத் தண்ணீர் இருக்கும், டம்ளர் இருக்காது.

நாங்கள் இதை 'மெமரி லீக்' என்போம். பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்கிற டெஸ்டில் இது அகப்படாது. நாள்கணக்கில் ஓடவிட்டு நினைவகக் கோடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கணும். இன்றைக்கு அந்தக் கோடு ஒரு எல்லையைத் தாண்டினால் என் போன் அடிக்கும், ராத்திரியானாலும் சரி. (வீட்டில் அதற்குத் தனி அர்ச்சனை.)

மாற்று சர்வர் ஒன்று இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் அது முழுக்கக் காகிதமில்லாத முறைக்கென்று ஏற்பாடானது. இந்தப் பாதிக் காகித முறைக்கு இணைக்கப்படவே இல்லை. சோதித்ததாகவும் பதிவு கிடையாது. ஊழியர்கள் பழையபடி பேனாவை எடுத்தார்கள்.

1996இல் புதிய முறை வந்தது. முதலில் அழைப்பை வாங்கிப் பதிகிற வேலை மட்டும். அது நிலைத்த பிறகே அடுத்தது. மறு வருஷம் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் சொசைட்டி அதற்கு விருது கொடுத்தது.