ஏசி மாதிரி

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு தேடினால், "டாப் ஃப்ளோர் மேடம், காத்து பிச்சுக்கும்" என்று புரோக்கர் சொல்வார். பொய் இல்லை, ஜனவரியில் பிச்சுக்கொள்ளும். அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் அந்த வீட்டில் இறங்குவது காற்று இல்லை, மொட்டை மாடி. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், ஊர் அடங்கிய பிறகுதான் அதைக் கீழே கக்க ஆரம்பிக்கும். இரவு பத்து மணிக்குக் கட்டில்மேல் ஏறி நின்று தளத்தில் உள்ளங்கையை வைத்தால் காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கிறது. அதற்கு நேர் கீழே சுற்றும் ஃபேன் அந்தச் சூட்டைத்தான் பங்கு போட்டுக் கொடுக்கிறது.

டிவியில் வெப்பநிலை சொல்லும்போது நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு பெயர் வரும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில்தான் பெரும்பாலும் ஒன்றிரண்டு டிகிரி கூடுதல். நாங்கள் அதற்கும் தெற்கே. மெரினாவில் கடற்காற்று வாங்கிக்கொண்டு சுண்டல் சாப்பிடுகிறவர்களுக்கு இது புரியாது.

எங்கள் வீட்டில் மேற்குப் பார்த்த பின்னறை அத்தையுடையது. எழுபது தாண்டியவர், சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. ஒரு ஸ்ப்ளிட் ஏசி போட்டால் தீர்ந்தது. ஆனால் ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிட்டார்: "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, ஓட்டை போடக் கூடாது." ஆக, சுவரைத் தொடாத, தூக்கி வைக்கிற மாதிரியான சின்னப் பெட்டி ஏதாவது கிடைக்காதா என்று நானும் இவரும் கடை ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் ஒரே பாட்டு: "ஏசி மாதிரியே இருக்கும் மேடம்."

ஏர் கூலரைத்தான் முதலில் காட்டுவார்கள். கூலர் மோசமான பொருள் இல்லை, ஊர்தான் வேறு. நாக்பூரில் மே மாத மதியம் 43 டிகிரி அடிக்கும்போது காற்றில் ஈரப்பதம் 15 சதவீதம்கூட இருக்காத நாட்கள் உண்டு. நனைந்த பேட் வழியாக அந்த வறண்ட காற்று வரும்போது தண்ணீரை ஆவியாக்குகிறது, அதில் தன் சூட்டை இழந்து 15 டிகிரி வரைகூடக் குளிர்ந்துவிடும். தாம்பரத்தில் ஒரு மாலை 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே தண்ணீர் குடித்து நிற்கிற காற்று இன்னும் எவ்வளவு குடிக்கும்? மூன்று, மூன்றரை டிகிரி குறைந்தால் பெரிய விஷயம். குறைந்த கொஞ்சத்துக்கும் வட்டியாக, அறை முழுக்கப் புழுக்கம் ஏறிவிடும். வேர்வை காயாது, தலையணை உறை பிசுபிசுக்கும், அரிசி டப்பா மூடி வரை ஈரம்.

அதனால்தான் ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள் என்று கூலரோடு வரும் காகிதத்தில் போட்டிருக்கிறது. திறக்கலாமே! ஆறு மணிக்கு மேல் எங்கள் ஏரியாவில் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவது யார் என்று அந்தக் காகிதம் எழுதியவருக்குத் தெரியாது. ஏரி, கால்வாய், காலி மனையில் தேங்கிய தண்ணீர் எல்லாவற்றிலிருந்தும் படை கிளம்பி வரும். கூலர் தொட்டியே அதற்கு ஒரு பிரசவ வார்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை, தேங்கிய நல்ல தண்ணீர் போதும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் காயவைக்காவிட்டால், வீடு வீடாகப் புழு பார்க்க வரும் மாநகராட்சி ஆட்கள் திட்டுவார்கள். திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது.

அந்தத் தொட்டிக்கு எந்தத் தண்ணீரை ஊற்றுவது? போர் தண்ணீர் ஊற்றினால் பேடில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துவிடும், குழாய்த் துளை அடைக்கும், மோட்டார் முனகும். கீழ் வீட்டார் வாங்கிய கூலர் இப்படித்தான் ஒரே கோடையில் ஸ்டூல் ஆகிவிட்டது, மேலே பேப்பர் கட்டு வைத்திருக்கிறார்கள். குடிக்க வாங்கும் 20 லிட்டர் கேனைக் கவிழ்க்கலாம் என்றால், அத்தை அதற்கு நெஞ்சு வலியே வந்துவிடும் என்கிறார்.

அடுத்தது போனில் துரத்துகிற மேஜை ஏசி. உள்ளங்கை அகலப் பெட்டி, யுஎஸ்பி ஒயர், மேலே ஐஸ் கட்டி போட ஒரு குழி. விளம்பரத்தில் அதன் முன்னால் ஒரு பெண் போர்வை போர்த்தி நடுங்குகிறாள். 1 டன் ஏசி என்பது, ஏறக்குறைய 900 கிலோ ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அவ்வளவையும் இழுத்து வெளியே தள்ளுகிற மெஷின். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு ட்ரே ஐஸ் அரைக் கிலோகூடத் தேறாது. அந்த ஏசி ஒரு நிமிடம் ஓடுவதற்குக்கூட ஈடில்லை. போதாக்குறைக்கு, அந்த ஐஸை உறைய வைக்க ஃப்ரிட்ஜ் தன் முதுகு வழியாகச் சமையலறையில் விட்ட சூடு, ஐஸ் இழுத்ததைவிட அதிகம்.

ஹீட்டர் விற்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஊட்டியில் 1000 வாட் கம்பிச்சுருளை எந்த மூலையில் வைத்தாலும் 1000 வாட் சூடு வந்துவிடும். சூட்டை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கலாம், குளிர்ச்சியை அப்படி உண்டாக்க முடியாது. உள்ளே இருக்கிற சூட்டைப் பிடித்து வெளியே தள்ளத்தான் முடியும். தள்ள வழி இல்லாத பெட்டி, என்ன பெயர் வைத்து விற்றாலும் ஃபேன்தான். இதைச் சொன்னால் சேல்ஸ் பையன் என்னை டீச்சரா என்று கேட்கிறான்.

வழி உள்ள பெட்டியும் இருக்கிறது. போர்ட்டபிள் ஏசி. யானைத் தும்பிக்கை கனத்துக்குப் பின்னால் ஒரு குழாய், அதை ஜன்னல் வழியாக வெளியே விட வேண்டும். அதோடு தரும் பலகை, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஜன்னலுக்கு அளவெடுத்தது. நம் ஜன்னலோ வெளிப்பக்கம் திறக்கும் கதவு, உள்ளே இரும்பு கிரில். கிரில் கம்பி நடுவே அந்தக் குழாய் எப்படிப் போகும் என்று கேட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்." அட்டையும் செல்லோ டேப்பும் ஒட்டினாலும், அது அறைக்காற்றை வெளியே ஊதித் தள்ளத் தள்ள, கதவிடுக்கு வழியாக ஹால் சூடு உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். கம்ப்ரசர் சத்தமும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே. விலையோ ஸ்ப்ளிட் ஏசிக்குக் குறைந்ததில்லை. ஈ.பி. ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறிவிடும் என்ற பயம் தனி.

சூடு தளத்திலிருந்து வருகிறது, தளத்துக்கே வெள்ளை அடிக்கலாமே என்று அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டேன். வெயிலைத் திருப்பி அனுப்பும் ஒயிட் பெயின்ட் இருக்கிறது, சுண்ணாம்பு அடித்தால்கூட வித்தியாசம் தெரியும். மொட்டை மாடி பொதுச் சொத்து, செலவை எல்லோரும் பகிர வேண்டும் என்றதும் கிரவுண்ட் ஃப்ளோர் அங்கிள் நிதானமாகச் சொன்னார்: "எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் சூடு தெரியலையேம்மா."

கடைசியில் இவர் ஓனருக்கே போன் போட்டார். செம்புக் குழாய் போக இரண்டரை அங்குல ஓட்டை ஒன்றே ஒன்று, காலி பண்ணும்போது சிமென்ட் பூசி பெயின்ட்டும் அடித்துத் தருகிறோம் சார் என்று கெஞ்சினார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஓனர் சம்மதித்துவிட்டார். "சரி, போட்டுக்குங்க. பூசறதெல்லாம் எதுக்கு? காலி பண்றப்ப ஏசியை அப்படியே விட்டுட்டுப் போயிடுங்க."