ஒன்பது பேர் கணக்கு

"பதிவேட்டில ஒன்பது பேரோட நிறுத்திக்குங்க சார், பத்தானா இ.எஸ்.ஐ. வந்துடும்." புதுச்சேரியில் தொழிலாளர் சட்ட ஆலோசகராக இருக்கும் நம்மில் பலரும் இதை ஒரு முறையாவது சொல்லியிருப்போம். நானும் சொல்லியிருக்கிறேன். இனி இதைச் சொல்லக் கூடாது.

கடற்கரையை ஒட்டிய வீதிகளில் உள்ள ஒரு விருந்தினர் இல்லத்தையோ காபிக் கடையையோ எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை ஏழெட்டுப் பேர்தான். வெள்ளி மாலை சென்னை, பெங்களூர் வண்டிகள் வந்து நின்றதும் பரிமாற மூவர், பாத்திரம் கழுவ இருவர் கூடுகிறார்கள். ஞாயிறு இரவு கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவதால் முதலாளி அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பணிக்கொடைக்கோ, கடந்த 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாள் 10 பேர் வேலை செய்திருந்தாலே போதும். பிறகு ஆள் குறைந்தாலும் சட்டத்தின் பிடி தளராது. கூலி இன்று கைப்பேசி வழியே போகிறது. பதிவேட்டில் இல்லாத பெயர் வங்கிக் கணக்கில் தேதியோடு இருக்கிறது.

இ.எஸ்.ஐ.யைச் செலவாகவே பார்க்கப் பழகிவிட்டோம். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒரு சமையல்காரருக்கு முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், ஏறக்குறைய 488 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். அவருக்கு வயது 30 என்று வைத்துக்கொள்வோம். அடுப்பங்கரை விபத்தில் அவர் இறந்தால், இ.எஸ்.ஐ. இல்லாத முதலாளி தர வேண்டிய நட்டஈடு சம்பளத்தில் பாதியை 207.98-ஆல் பெருக்கினால் வருவது: 15,59,850 ரூபாய். கடையை விற்றாலும் அந்தத் தொகை தேறுமா? பதிவு செய்திருந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை போகும். முதலாளி தனியாக நட்டஈடு தர வேண்டியதில்லை. வாடிக்கையாளர் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். 10 பேருக்குக் குறைவாக இருந்தாலும், தொழிலாளரில் பெரும்பான்மையோர் ஒப்பினால் விரும்பிச் சேர வழி உண்டு.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். 'அடுத்த மாசம் வா' என்பது இனிச் செல்லாது. ஒப்பந்த காலத்துக்கு எடுத்தவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. நியமனக் கடிதம் தர மறுப்பவர்கள் தங்கள் பக்கச் சாட்சியத்தைத் தாங்களே அழிக்கிறார்கள்; வழக்கென்று வந்தால் என்ன சம்பளம், எந்தத் தேதி என்பதைக் காட்ட அவர்களிடம் எதுவும் இராது.

வேலை நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1936 ஜூலை 30 அன்று இந்த ஊரின் சவானா மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பயனாக, அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அதே ஊரில் இன்று சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்த பையன் நள்ளிரவில் மேசை துடைக்கிறான். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. முதலாளிக்கும் நாம் சொல்லவில்லை.

வருகிற சனிக்கிழமை மாலை உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தலைகளை எண்ணுங்கள். பிறகு பதிவேட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.