ஒரு விசில் போதாது

கூடைப்பந்து மைதானத்தில் பத்துப் பேர் ஓடுகிறார்கள் என்றுதான் வேடிக்கை பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் பன்னிரண்டு பேர் ஓட வேண்டும். மற்ற இருவர் நடுவர்கள்.

1891-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்விளையாட்டை உருவாக்கியபோது எழுதிய விதிகள் பதின்மூன்று. ஆட்டக்காரர்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என்று அவற்றிலேயே இருவர் உண்டு. அவ்வூர்க் கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்று நந்தனத்தில் இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்தோ அடையாற்றிலிருந்தோ பஸ் ஏறினால் சற்று நேரத்தில் போய்விடலாம். ஆயினும் நாங்கள் ஆடிய பள்ளி ஆட்டங்கள் பலவற்றில் ஒரே ஒருவர்தான் விசிலுடன் நின்றார்.

அது போதாது என்பது பாஸ்ட் பிரேக்கின்போது தெரிந்துவிடும். எதிரணியின் பந்து வளையத்தில் பட்டுத் திரும்புகிறது; நம் பெண் பிடித்து நீளமாக வீசுகிறாள்; 28 மீட்டர் களம் சில விநாடிகளில் கடந்துபோகிறது. நடுவர்கள் இருவராயின், நடுக்கோட்டருகே நின்றவர் அக்கணமே முன் நடுவராகி, பந்துக்கு முந்திக் கடைக்கோட்டுக்கு ஓடுவார். ஓடும்போதும் முகம் களத்தை நோக்கியே இருக்கும். கூடைக்கடியில் நின்றவர் பின் நடுவராகித் தொடர்வார். முன்னவருக்குப் பாய்கிறவளுக்கும் தடுக்கிறவளுக்கும் இடையிலுள்ள இடைவெளி தெரியும். பின்னவருக்கு முதுகில் விழும் கை தெரியும். தனியொருவரோ பின்னாலேயே ஓடிவருவார். அவருக்குத் தெரிவதெல்லாம் முதுகுகள்தாம். கை பட்டது பந்திலா, மணிக்கட்டிலா? ஊகித்துத்தான் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு ஓர் ஆட்டத்தில் எங்கள் தோழி கூடைக்கு எழும்பியபோது பின்னாலிருந்து தள்ளப்பட்டாள். நடுவர் அப்போதுதான் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தார். ஆட்டம் தொடர்ந்தது. சிமெண்டுத் தரையில் அவள் முழங்கால் கிழிந்தது. முன்னால் தடுப்பார் இல்லாதவளைப் பின்னாலிருந்து இடித்தால், சர்வதேச விதிப்படி இரண்டு ப்ரீ த்ரோவும் பந்தும் அவள் அணிக்கே. அந்த நடுவரைக் குறை கூற மாட்டோம்; அவருக்கும் கண் இரண்டுதானே!

இருவர் இருந்தும் ஒற்றுமை இல்லாவிட்டால் இன்னும் வேடிக்கை. இருவரும் ஊதி, ஒருவர் தாக்கியவள் மீதும் மற்றவர் தடுத்தவள் மீதும் குற்றம் காட்டினால் என்ன ஆவது? ஆகவே கையை உயர்த்தி, ஒருவரையொருவர் பார்த்த பிறகே சைகை காட்ட வேண்டும். பெரும்பாலும் ஆட்டம் யாரை நோக்கி வருகிறதோ அவர் சொல்வார், மற்றவர் விட்டுக்கொடுப்பார்.

செலவு கூடுமே என்று பெரியவர்கள் கூறலாம். ஒலிம்பிக்கில் இன்று மூன்று நடுவர்கள்; நாங்கள் கேட்பது இரண்டுதான். சென்னையின் அனிதா பால்துரை 2021-இல் பத்மஸ்ரீ பெற்றதை எண்ணிப் பெருமைப்படுகிறோம். ஆனால் நடுவராக வேண்டும் என்று எங்களில் ஒருத்தியும் சொல்லிக் கேட்டதில்லை. கற்றுக்கொடுத்தால் அல்லவா ஆசை வரும்! வரும் ஆண்டு ஹவுஸ் போட்டிகளில், அன்று ஆடாத அணியிலிருந்து இருவரிடம் விசிலைக் கொடுங்கள். உடற்கல்வி ஆசிரியை ஓரமாக நின்று பார்க்கட்டும்.