மழுங்கிய கத்தி

மழுங்கிய கத்தியால் ஆபத்தில்லை என்று நம்மவர்களுக்கு ஓர் எண்ணம். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தோம்; மனைவியின் விரலில் கட்டைப் பார்த்த பிறகே எனக்குப் புத்தி வந்தது. கூரான கத்தி தக்காளித் தோலில் தானே இறங்கும். மழுங்கியதை அழுத்த வேண்டும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரலில்தான் வந்து நிற்கும்.

உடனே கடைக்கு ஓடி, ஆறு கத்திகள் பளபளக்கும் பெட்டியை வாங்கி வருகிறோம். எதற்கு? 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி வார்த்த எஃகு துருவைத்தான் எதிர்த்தது; எந்த எஃகும் மழுங்காமல் இருப்பதில்லை. கைக்கு அடக்கமான ஒரு நல்ல கத்தி, ஒரு சாணைக்கல், ஒரு மரப்பலகை போதும். எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்கினால் எந்தக் கத்தியும் முனை மடங்கிவிடும். கொல்லன் பட்டறைக் கத்தியானால் கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள், வருஷக்கணக்கில் உழைக்கும்.

கூடத்துத் திரைச்சீலைக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிற நாம், சாணை பிடிக்கிறவரிடம் மட்டும் பேரம் பேசுகிறோம். அடுக்களையில் நிற்பவளுக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமா? அரிவாள்மணையின் அலகைப் பாருங்கள், ஐயா!