பட்டனைத் தட்டினால் பாகம் வருமா?



"இனிமேல் ஃபவுண்டரியும் வேண்டாம், மெட்டலர்ஜியும் வேண்டாம். கம்ப்யூட்டரில் வரைந்தால் போதும், த்ரீடி பிரின்டர் பாகத்தைச் செய்து கொடுத்துவிடும்" என்று நம்மில் பலர் பேசுகிறோம். இது தவறு என்பது என் கருத்து. அலுமினியத்தையே எடுத்துக் கொள்வோம்.

ஆர்கான் வாயு நிரம்பிய பெட்டிக்குள் சுமார் 0.03 மி.மீ. கனத்துக்குப் பவுடரைப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் உருக்குகிறது. மறுபடி பரப்பு, மறுபடி உருக்கு. ஆக, ஆயிரக்கணக்கான குட்டி வார்ப்புகள்! வார்ப்பில் வரும் கோளாறு இதிலும் வரத்தானே செய்யும்?

அலுமினியம் லேசர் ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். வாங்கிய சூட்டையும் சட்டென்று கடத்திவிடும். பவர் குறைந்தால் பவுடர் சரியாக உருகாமல் இடைவெளி விழும். மிஞ்சினால் உலோகமே ஆவியாகி உள்ளே ஓட்டை விழும். பவுடரில் ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் குமிழி. நம்ம ஷாப்பில் பார்க்கும் புளோ ஹோலின் தம்பிதான் அது!

10 சதவீதம் சிலிக்கன் சேர்ந்த கலவைக்கு 370 வாட் பவர், விநாடிக்கு 1300 மி.மீ. வேகம், கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே 0.19 மி.மீ. என்று ஒரு கணக்கு உண்டு. பவரை வேகம், இடைவெளி, கனம் மூன்றின் பெருக்கலால் வகுத்தால், கன மி.மீட்டருக்குச் சுமார் 50 ஜூல். ஆனால் அதே 50 ஜூலை வேறு பவரில், வேறு வேகத்தில் கொடுத்தால் பாகம் வேறு மாதிரி வரலாம். ஃபார்முலா வழிதான் காட்டும். வெட்டி, பாலிஷ் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

விமானப் பாகங்களுக்கான 7075 கலவையோ உறையும்போதே விரிசல் விட்டது. 2017-ல் அமெரிக்காவின் ஹெச்.ஆர்.எல். ஆய்வுக்கூடத்தார் பவுடரின் மேல் சிர்கோனியம் சார்ந்த நுண்துகள்களை ஒட்டவைத்தார்கள். கிரெய்ன்கள் பொடிப்பொடியாக உறைந்தன, விரிசல் நின்றது. அலுமினிய ஃபவுண்டரிகளில் டைட்டானியம்-போரான் போட்டு கிரெய்னைப் பொடியாக்குவது பழைய வழக்கம். தத்துவம் அதேதானே?

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். உங்களில் பலரும் அப்படித்தான். பட்டன் தட்டும் ஆளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடுவார்கள். ஓட்டை ஏன் விழுந்தது என்று சொல்லத் தெரிந்தவரை லேசில் மாற்ற முடியாது. நம்மை நம்பிக் கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்களுக்கு எந்த ஆளாக நாம் திரும்பிப் போகப் போகிறோம்?

ஆகவே நம் பேரவை விலையுயர்ந்த மெஷினைக் கேட்கும் முன், மெட்டலர்ஜி லேபின் பாலிஷ் மெஷினையும் மைக்ராஸ்கோப்பையும் நாம் தினமும் தொட வழி கேட்கட்டும். நாமும் ஃபவுண்டரி வகுப்புக்குக் கட் அடிப்பதை விடுவோம்!

— இரண்டாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல்